நூற்றெண்பது நல்ல அபிப்பிராயங்கள்

நூற்று நாற்பத்திரண்டாவது தாளைப் புரட்டியதும் டைப்பிஸ்டின் விரல்கள் நின்றுவிட்டன.

'இவர் நடத்தும் பாடம் மழையில் நனைந்த சிமெண்டு மூட்டை. கனம் கூடும், கட்டடத்துக்கு உதவாது.'

தாளில் பெயர் கிடையாது. மாணவர்கள் ஆசிரியரைப் பற்றி மனம் விட்டு எழுத வேண்டும் என்பதற்காகப் பல்கலைக்கழகமே செய்த ஏற்பாடு அது. கையெழுத்தை வைத்தும் ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று எல்லாத் தாள்களையும் டைப் செய்து, ஒரு பிரதி பேராசிரியருக்கும் ஒரு பிரதி துணைவேந்தர் அலுவலகத்துக்கும் போகும்.

டைப்பிஸ்டுக்குக் கையெழுத்தைப் பார்க்கவே தேவைப்படவில்லை. அது அவர் வீட்டுப் பேச்சு. இருபத்திரண்டு வயது வரை சிமெண்டு மூட்டை சுமந்து, மாலைக் கல்லூரியில் படித்து, இந்த நாற்காலிக்கு வந்தவர் அவர். உதவாத எதைப் பார்த்தாலும், அது மைத்துனனானாலும் சரி, அவர் வாயில் வருவது அந்த நனைந்த மூட்டைதான். டிபார்ட்மெண்டில் பியூன் முதல் பேராசிரியர் வரை அதைக் கேட்காத காது இல்லை.

எழுதியது அவர் மகள். புள்ளியியல் முதலாண்டு. குடும்பத்தில் கல்லூரி வாசலைப் பகலில் மிதித்த முதல் ஆள்.

"அடிப்பாவி, வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே டைப் அடித்தார்: 'பேராசிரியரின் பாடம் எடை மிக்கது.'

தீர்ந்தது தொல்லை என்று கட்டைக் கொண்டுபோய்க் கண்காணிப்பாளர் மேசையில் வைத்தார். அவர் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்னய்யா இது? நூத்தி எழுபத்தொம்போது பேரு கிழிகிழின்னு கிழிச்சிருக்கான். ஒரே ஒருத்தன் மட்டும் புகழ்ந்திருக்கான்?"

"புள்ளைங்க பலவிதம் சார்."

"பலவிதமா? இது பேராசிரியருக்கு வேண்டிய ஆளா இருக்கும். அந்த ஒரிஜினல் தாளை எடு, யார் கையெழுத்துன்னு பார்த்துருவோம்."

டைப்பிஸ்ட் சட்டென்று கட்டின் மேல் கையை வைத்தார். "சார், நான்தான் அவசரத்துல ஏதோ தப்பா அடிச்சிருப்பேன். பூரா சரிபார்த்துக் கொண்டு வர்றேன்" என்று கட்டைத் திரும்பப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகு, போகிற போக்கில் கேட்பது போல ஒன்று கேட்டார்.

"மோசமா எழுதினா அந்த வாத்தியாருக்கு என்ன சார் ஆவும்?"

"மூணு செமஸ்டர் தொடர்ந்து இப்படி வந்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. சட்டம் இருக்குல்ல."

டைப்பிஸ்ட் தம் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். அவர் அப்பாவும் ஒரு காலத்தில் கிடங்கில் மூட்டை இறக்கியவர்தான். 'இவன் மெதுவா நடக்கிறான்' என்று ஒரு மேஸ்திரி சொன்ன ஒரே வார்த்தையில் வேலை போயிற்று. அடுத்த நாலு மாதம் அந்த வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. ஒரு மனுஷன் வயிற்றில் வார்த்தையால் அடிக்கிற காரியத்துக்கு இந்த விரல்கள் ஒத்தாசை செய்யாது என்று முடிவு கட்டினார். மகளும் தப்புவாள், பேராசிரியரும் தப்புவார். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்.

நூற்றெண்பதையும் மறுபடி அடித்தார்.

'நோட்டுப் புத்தகம் என் தாத்தா காலத்தது' என்பது 'நெடுநாள் அனுபவத்திலிருந்து போதிக்கிறார்' என்றானது. 'எங்களைப் பார்க்காமல் கரும்பலகையிடமே பேசுகிறார்' என்பதை 'கரும்பலகையை நன்கு பயன்படுத்துகிறார்' என்று மாற்றினார். 'பாதி வகுப்பு தூங்குகிறது' என்பதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு, 'வகுப்பில் நல்ல அமைதி நிலவுகிறது' என்று அடித்தார். அதைத் தாமே படித்துப் பார்த்து, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

'மொதல்ல வேற வாத்தியாரோட கட்டு மாறிப்போச்சு சார்' என்று சொன்னதும் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிரதியைப் பேராசிரியரிடம் டைப்பிஸ்டே கொண்டுபோய்க் கொடுத்தார். மெலிந்த, கூன் விழுந்த மனிதர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தாலாட்டு'. முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பசங்களா எழுதினாங்க இத?"

"ஆமாங்கய்யா. ஒவ்வொருத்தனும் மனசு விட்டு எழுதியிருக்கான்."

பேராசிரியர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "சரி... நான் இன்னும் முயற்சி பண்ணணும் போலிருக்கு" என்றார்.

என்ன அடக்கம்! டைப்பிஸ்ட் கைகூப்பினார். நல்ல மனுஷனைத்தான் காப்பாற்றியிருக்கிறோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அடுத்த செமஸ்டர் தொடங்கிய இரண்டாம் வாரம், மகள் பையைச் சுவரோரம் வீசிவிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, இன்னிக்கு அந்தாளு என்ன பண்ணினாரு தெரியுமா? புத்தகத்தோட பொருளடக்கத்தை ஒரு மணி நேரம் வாசிச்சாரு. பக்க எண்ணோட!"

"அடித்தளம் போடுறாருமா."

"நேத்து போன செமஸ்டர் பாடத்த மறுபடி நடத்தினாரு. 'சார் இது முடிஞ்சிருச்சு'ன்னா, 'அப்படியா'ன்னு கேட்டுட்டு அதையே தொடர்ந்தாரு."

"அடித்தளத்த ரெண்டு தடவ போட்டா நல்லதுதான்..."

"அப்பா!" என்று அவள் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "கேள்வித்தாள் வெளியிலிருந்து வருது. இந்த ஆளு நடத்துறத வச்சு ஒருத்தரும் பாஸ் பண்ண முடியாது. போன தடவ முப்பத்தாறு வாங்கித் தப்பிச்சேன். இதுல போனா எனக்கு ஒரு வருஷம் போச்சு. அவ்வளவு எழுதிக் குடுத்தோமே, அத ஒருத்தருமே படிக்கிறதில்லையா?"

"படிக்கிறாங்க, படிக்கிறாங்க" என்றார் டைப்பிஸ்ட். "நீ வேணா கொஞ்சம் இதமா எழுதிப் பாரேன்."

"இதமாவா? இந்தத் தடவ நூத்தி எண்பது பேரும் உக்காந்து பேசியிருக்கோம். படிக்கிறவன் கண்ணு எரியணும்."

எரிந்தது. தாள்கள் வந்தபோது டைப்பிஸ்ட் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடங்கினார். இந்தத் தடவை பாதி வசவையாவது உள்ளபடி விட்டுவிடலாம் என்று நினைத்தவருக்கு, கடைசியில் கூடுதலாகவே புகழ வேண்டியதாயிற்று. போன தடவை நூற்றெண்பது பேர் புகழ்ந்த ஆளை இப்போது பாதிப் பேர் திட்டினால் கண்காணிப்பாளர் சும்மா விடுவாரா? பழைய ஒரிஜினலையும் சேர்த்தல்லவா தோண்டுவார்! 'எங்களைக் கொல்கிறார்' என்று ஒருவன் எழுதியிருந்தான். 'எங்கள் உயிரோடு கலந்துவிட்டார்' என்று அடித்தார்.

பேராசிரியர் பிரதியை வாங்கிப் புரட்டினார். "உயிரோடயா?" என்று மட்டும் கேட்டார். டைப்பிஸ்ட் தலையாட்டினார். பேராசிரியர் பிரதியை மேசை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினார்.

மூன்றாம் செமஸ்டரில் நிலைமை எல்லை தாண்டியது. பேராசிரியர் வகுப்புக்கு வந்து வருகைப் பதிவை எடுப்பார். முடிந்ததும் யாராவது விட்டுப்போயிருக்கலாம் என்று மறுபடி எடுப்பார். மணியடித்துவிடும். மகள் இரண்டாம் செமஸ்டர் தாளில் ஒரு மதிப்பெண்ணில் விழுந்திருந்தாள். அதையும் மூன்றாவதையும் சேர்த்து எழுத வேண்டும். வீட்டில் அவள் அப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு, நூலகமே கதியென்று கிடந்தாள்.

போதும், இந்தத் தடவை உள்ளது உள்ளபடி அடித்துவிடலாம் என்றுதான் டைப்பிஸ்ட் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கண்காணிப்பாளர் வந்து முதுகில் தட்டினார்.

"விஷயம் தெரியுமாய்யா? துணைவேந்தரே அந்த ரெண்டு அறிக்கையும் படிச்சு அசந்துட்டாரு. மூணாவதும் இதே மாதிரி வந்தா சிறந்த ஆசிரியர் விருதாம். மாறி கீறி வந்துச்சுன்னா பழைய கட்டையெல்லாம் எடுத்து விசாரணை. என்ன, இதே மாதிரிதானே?"

"இதே... மாதிரிதான் சார்" என்றார் டைப்பிஸ்ட். சுமையைப் பாதிப் படியில் இறக்கி வைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். மேலே கொண்டுபோய்ச் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

விருது விழா பெரிய மண்டபத்தில் நடந்தது. டைப்பிஸ்ட் கடைசி வரிசையில் ஒண்டிக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பேராசிரியரின் மனைவி. முன்வரிசைக்கு அழைத்தும் போக மறுத்துவிட்டாராம்.

மேடையில் துணைவேந்தர் மாணவர் கருத்துகளை உரக்கப் படித்தார். "'பேராசிரியரின் பாடம் எடை மிக்கது!'"

நடு வரிசைகளில் சலசலப்பு. "எவன்டா எழுதினது இத?" "நம்மள்ல ஒரு கருங்காலி இருக்கான்டா." "ஒருத்தனா? நூத்தி எண்பதும் நல்லதுன்னு சொல்றாருடா!"

மகள் மட்டும் மெல்லத் திரும்பி, வரிசை வரிசையாகத் தேடி, கடைசி வரிசையில் அப்பாவைக் கண்டுபிடித்தாள். டைப்பிஸ்ட் அண்ணாந்து மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இப்படிப்பட்ட ஆசிரியரை இழக்க நமக்கு மனமில்லை" என்றார் துணைவேந்தர். "ஆகவே ஓய்வு வயதைத் தாண்டிய பிறகும் இன்னும் ஐந்து ஆண்டுகளுக்குப் பணி நீட்டிப்பு! அடுத்த ஆண்டிலிருந்து எல்லாக் கட்டாயப் பாடங்களையும் அவரே நடத்துவார்!"

மேடையில் பேராசிரியர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் அம்மாள் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார்.

டைப்பிஸ்டுக்கு மனசு இளகிவிட்டது. மகள் தலையில் விழுந்த இடி ஒரு பக்கம் இருந்தாலும், ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கிறோமே. "அழாதீங்கம்மா. அய்யாவோட உழைப்புக்குக் கிடைச்ச மரியாதை இது" என்றார்.

அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்ன மரியாதை தம்பி? தானா விலகினா பென்ஷன் போயிரும், அவங்களா அனுப்பினா வந்துரும்னு, பசங்க திட்டி எழுதியாவது வீட்டுக்கு அனுப்பட்டும்னு ஒன்றரை வருஷமா ராப்பகலா யோசிச்சு யோசிச்சு மோசமா நடத்திட்டிருக்காரு மனுஷன். எந்தப் படுபாவிங்களோ, விடாம புகழ்ந்து தள்ளுதுங்க!"