பாட்டுப் பெட்டிக்கு வச்ச கொலு

பாட்டு கேக்கறவா ஒரு ரகம். பாட்டு வர பெட்டியைக் கேக்கறவா வேற ரகம். இந்த ரெண்டாம் ரகம் உங்காத்துல இருக்கான்னு சந்தேகமா? ஒரு பாட்டைப் போடச் சொல்லிப் பாருங்கோ. பல்லவி முடியறதுக்குள்ள நிறுத்திட்டு எழுந்துபோய் வயரை மாத்தினா, சந்தேகமே வேண்டாம்.

எங்காத்துல இருக்கறவர் பேர் ராமசுப்ரமணியன். எழுத்துல ஆத்துக்காரர் பேரைச் சொன்னா குத்தமில்லை. "போன்லயே பாடறதே, போறாதா?"ன்னு கேட்டேன்.

"போன்ல பாதி சத்தம் வடிஞ்சு போயிடறதுடி. நெட்லேந்து சுத்தமா எடுத்துக் கொடுக்கத் தனியா ஒரு ஸ்ட்ரீமர் வேணும்."

அந்த ஸ்ட்ரீமரைத் தேர்ந்தெடுக்க மழைக்காலம் பூரா வீடியோ பாத்தார், கழக்கூட்டத்துல ஐடி வேலை பாக்கற, இதே பைத்தியம் பிடிச்ச ஹரிஷங்கரோட ஓயாம பேசினார், பெட்டியை வரவழைச்சார், திருப்பி அனுப்பினார், மறுபடி வரவழைச்சார், என் ஃபிரிட்ஜால கரண்ட்ல அழுக்கு சேர்றதுன்னு பிளக்கைப் பிடுங்கினார், தயிர் புளிச்சு மாவு பொங்கி வழிஞ்சுது. பாட்டு மட்டும் கேக்கலை.

பெட்டி ஒருவழியா நிலைச்சது நவராத்திரியில. ஹால்ல என் கொலு. வேற எடமில்லாம அதுக்கு எதிர்லயே ஸ்பீக்கரை வச்சார். பாட்டு போட்டுக் கண்ணை மூடிண்டார். பக்கத்துல ஹரிஷங்கரும் மூடிண்டான்.

"சார், வீணை எங்கேந்து வரது, தெரியறதா?"

"பெட்டியிலேந்து"ன்னேன். ஒருத்தரும் மதிக்கலை.

"கொலுப்படி சத்தத்தை அழகாப் பிரிச்சு அனுப்பறது, சார். அந்தப் பிள்ளையார் தொந்திதான் மிருதங்கத்தைத் தாங்கிப் பிடிக்கறது. ஒண்ணையும் தொடப்படாது, கேட்டேளா."

விஜயதசமி அன்னிக்கு வழக்கம்போல மரப்பாச்சியைப் படுக்க வச்சேன். மறுநாள் எல்லாத்தையும் கட்டிப் பரண்ல ஏத்தணுமே. "போச்சு, மிருதங்கம் சரிஞ்சுடுத்து"ன்னு எழுப்பி நிறுத்திட்டார்.

எங்க தெருவுல கொலு நிக்கற ஆத்துக்குள்ள யார் வந்தாலும் வெறுங்கையோட அனுப்ப முடியுமா? தீபாவளி போச்சு, சுண்டல் போகலை. கார்த்திகை விளக்கும் ஏத்தியாச்சு, என் கை மட்டும் தேங்காத் துருவல்லயே இருக்கு. பக்கத்தாத்து சுப்புலக்ஷ்மி தினம் மஞ்சள் குங்குமத்துக்குன்னு வரா. "என்ன விஜி, இன்னிக்கும் கடலையா? நாளைக்குப் பயறு பண்ணேன்."

அன்னிக்குத்தான் தேங்காயையும் துருவியையும் அவர் கையில கொடுத்தேன். "கொலு நிக்கணும்னா சுண்டல் உங்களோடது. முடியாதுன்னா இப்பவே பொம்மையெல்லாம் பரணுக்கு."

மனுஷன் யோசிக்கவே இல்லை. அடுக்களைக்குப் போயிட்டார்.

நான் அவர் நாற்காலியில உக்காந்து ஒரு பாட்டை முழுசாக் கேட்டேன். போன்ல கேட்ட அதே பாட்டுதான். இருந்தாலும், உள்ளேந்து தேங்கா துருவற சத்தம் வீணை மேல விழுந்துது. "கொல்லையில போய்த் துருவுங்கோ"ன்னு கத்தினேன்.

சிரிக்கறேளா? இவ்வளவு நாழி படிச்சேளே, அந்தப் பெட்டி என்ன கம்பெனின்னு மனசுக்குள்ள ஒரு தரம் கேட்டேளோல்லியோ? அப்போ உங்காத்துலயும் கடலை ஊறப் போடலாம்.