நாற்பத்தொரு இலை

மத்தியானத் தூக்கத்துக்காக அந்தக் குட்டி மோட்டாரை அரை மணி நேரம் அணைத்துவைத்த டிரைவிங் மாஸ்டருக்கு, அதை மறுபடி போட ஞாபகம் வந்தபோது மறுநாள் காலை மணி எட்டு.

மோட்டார் மனைவியுடையது. ஹால் ஜன்னலோரம் மூடி போட்ட ஒரு பெரிய வாளி, அது நிறையத் தண்ணீர். மூடியின் ஓட்டை வழியாகத் தண்ணீருக்குள் வேரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆள் உயரத்துக்கு ஒரு ரப்பர் செடி. மண் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. உரத்தைத் தண்ணீரிலேயே கலக்க வேண்டும். வேர் மூச்சுவிட, மோட்டார் ராப்பகலாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஊசிக்குழாயில் அளந்துதான் உரம் விடுவாள். தினமும் இலையை எண்ணி நீல அட்டை நோட்டில் எழுதுவாள். கடைசியாக எழுதியது, இலை 41.

தங்கை வீட்டுக்கு ஆறு நாள் கிளம்பும்போது அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"நாலு வருஷமா நாய் வேணும், நாய் வேணும்னு என் உயிரை வாங்கறீங்க. இந்த உயிரை ஆறு நாள் காப்பாத்திக் காட்டுங்க. நாயைப் பத்தி அப்புறம் பேசலாம்."

மாஸ்டர் நாய்ப் பைத்தியம். பயிற்சிக் காருக்குக் குறுக்கே நாய் வந்தால், ஓட்டுகிறவன் பார்ப்பதற்குள் அவர் கால் பிரேக்கில் இருக்கும். வரப்போகிற நாய்க்கு 'கிளட்ச்' என்று பெயரே வைத்தாயிற்று.

மோட்டாரைப் போட்டதும் ஓர் இலை பொத்தென்று விழுந்தது. பசி மயக்கம் என்று மாஸ்டர் முடிவு கட்டினார். உரம் இரண்டு பாட்டில். ஒன்றை ஊற்றிக் கலக்கிய பிறகுதான் அடுத்தது என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே என்று இரண்டையும் ஒரே டம்ளரில் கலந்தார். திரிந்த பால் மாதிரி கட்டி தட்டிப்போயிற்று. வீணாக்க மனசு வராமல் அதையும் வாளியில் கொட்டினார். மறுநாள் மேலும் எட்டு இலை காலி.

போனில் மனைவி, இலை எண்ணுகிறீர்களா என்று விசாரித்தாள்.

"ஒண்ணு விடாம எண்ணிட்டு இருக்கேன்," என்றார். அது பொய்யில்லை.

வாளியில்தான் ஏதோ கோளாறு என்று அடுத்த நாள் அதைக் கழுவ இறங்கினார். பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தாராளமாக ஊற்றித் தேய்த்தவர், அலசுவதில் மட்டும் சிக்கனம் காட்டினார். புதுத் தண்ணீர் நிரப்பி, மோட்டாரைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து கதவைத் திறந்தால், சோபாவின் கால்களைக் காணோம். மோட்டார் ஊதிய ஊதலில் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, ஹாலை நிறைத்துவிட்டுச் சமையலறைக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் செடி வெறும் குச்சியாக நின்றது.

மாஸ்டருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. நாய் கிடைக்காது என்பதுகூடப் பரவாயில்லை. ஒரு உயிரை நம்பி ஒப்படைக்க லாயக்கில்லாத ஆள் என்று ஆகிவிட்டதே என்பதுதான் தாங்கவில்லை.

ஐந்தாம் நாள் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நர்சரிக்கு ஓடினார்.

"ரப்பர் செடி. ஆள் உயரம் இருக்கணும். இலை நாப்பத்தொண்ணு இருக்கணும்."

நர்சரிக்காரர் சிரிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. நாற்பத்துமூன்று இலை உள்ள செடி ஒன்றை இழுத்துவைத்து, கூடவே கத்தரிக்கோலையும் நீட்டினார். மாஸ்டர் இரண்டு இலையை வெட்டினார். வீட்டுக்கு வந்து குழாயடியில் உட்கார்ந்து, வேரில் இருந்த மண் போக ஒரு மணி நேரம் அலசி, வாளியில் இறக்கினார். பழைய குச்சி குப்பைக்குப் போயிற்று.

மறுநாள் மனைவி வந்தாள். தோள்பையைக்கூட இறக்காமல் செடியை ஒரு சுற்றுச் சுற்றினாள். இலையை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. நம்மேல் அவ்வளவுதான் நம்பிக்கையா என்று மாஸ்டருக்குக் கொஞ்சம் வலித்தது.

"ஒரு இலைகூட விழலையா? அப்படி என்னதான் பண்ணீங்க?"

"பாசமா ரெண்டு வார்த்தை பேசினேன், அவ்வளவுதான்."

அவள் தோள்பையை இறக்கிவைத்தாள். பிறகு, "சரி, நோட்டைக் கொடுங்க, எழுதிடறேன்," என்றாள்.

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டு நர்சரி மேஜையில் இருந்தது. கார்ல இருக்கும் என்று அவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. மனைவி போய்க் கதவைத் திறந்தாள். கையில் நீல நோட்டோடு நர்சரிக்காரர் நின்றிருந்தார். மாஸ்டர் மனசுக்குள் கிளட்ச்சுக்கு விடைகொடுத்தார்.

நர்சரிக்காரர் நோட்டை மனைவியிடம் நீட்டினார்.

"நேத்து சார் விட்டுட்டுப் போயிட்டாரும்மா. அட்டையைப் பாத்ததுமே உங்க வீடுன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே மாசாமாசம் இலையை எண்ணிச் செடி மாத்திட்டுப் போக எப்பவும்போல நீங்களே வருவீங்களா, இல்ல சாரையே அனுப்பிடுவீங்களா?"