பாஸ்வேர்டை முதலில் அடிக்கும் உரிமை

அன்னவாசல்

மேல வீட்டு மச்சான் உயர்திரு ஏகாம்பரம் அவர்கள் சமூகத்துக்கு, உரக்கடை அழகு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் தங்கை அருணாவும் உங்கள் மருமகள் நித்யாவும் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன். உண்மையில் நித்யா சரியாகச் சாப்பிடுவதில்லை, அருணா என்னோடு பேசுவதில்லை, எனக்கு டாக்டர் பிரஷர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள் என்பதால், உங்கள் வீட்டில் அனைவரும் நலமாகத்தான் இருப்பீர்கள். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் போட்டால், எவனாவது திருடிப் படித்துவிடுவான் என்று திறப்பதில்லை. சைபர் செக்யூரிட்டிக் கழகத்தின் அறங்காவலர் அல்லவா. அதனால்தான் தபால்.

நம் ஊர்ப் பெரியவர் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்துச் சம்பாதித்து, கண்மூடுவதற்குமுன் புதுக்கோட்டையில் சைபர் காவல் வல்லுநர் கழகத்தை ஆரம்பித்தது நல்ல காரியம், அதை நான் குறை சொல்லவில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்து, தேறியவர்களை உறுப்பினராக்கி, பேங்க் கம்ப்யூட்டரையும் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரையும் காவல் காக்க அனுப்ப வேண்டும் என்று நினைத்தார். ஆனால் நிர்வாகத்தை நம் ஊர்க் கோயில் வழக்கப்படி மேல வீடு, நடு வீடு, கீழ வீடு என்று மூன்று வீட்டாரிடம் விட்டுப் போனாரே, அங்கேதான் சறுக்கிவிட்டார். கோயில் நகைப் பெட்டிக்கு மூன்று பூட்டு, வீட்டுக்கு ஒரு சாவி. சரி, ஒப்புக்கொள்கிறேன். அதே மாதிரி கழகத்தின் பாஸ்வேர்டையும் மூன்றாக வெட்டி, வீட்டுக்கு ஒரு பகுதியாக நெஞ்சில் பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னது யார் என்று கேட்டால், மூன்று பேருமே ‘நான்தான்’ என்கிறீர்கள். உங்களுக்குக் கம்பியும் சிமெண்டும் தெரியும். கீழ வீட்டு சிவாவுக்கு அரிசி மில் தெரியும். எங்கள் நடு வீட்டு ராஜேஸ்வரி ஆச்சிக்கு ஊரில் எல்லோருடைய ஜாதகமும் தெரியும். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எல்லாம் உங்கள் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். என்ன கொடுமை இது?

நித்யா உங்கள் கழகத்துப் பரீட்சையில் தேறியவள். சிங்கப்பூரில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டு, இந்தப் பெண் உங்கள் உறுப்பினர்தானா என்று கழகத்துக்கு மெயில் போட்டுவிட்டு அவளிடமும் சொல்லியிருக்கிறது. ஆமாம் என்று ஒரு பதில் போக வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் போகாவிட்டால் வேலை வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். கடையை அடைத்துவிட்டு நான் புதுக்கோட்டைக்கு ஓடினேன். ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் இலக்கியா கையை விரித்துவிட்டாள். “மெயிலைத் தொறக்கணும்னா மூணு வீட்டாரும் ஒண்ணா உக்காந்து ஆளுக்கு ஒரு பகுதி அடிக்கணுங்க. எனக்கு ஃபேன் சுவிட்சு போடத்தான் அனுமதி” என்றாள்.

உங்கள் மூவரின் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். நீங்கள் மேல்துண்டைத் தலையோடு போர்த்தி, கீபோர்டையும் அதற்குள் இழுத்துக்கொண்டு உங்கள் பகுதியை அடித்தீர்கள். மச்சான், போன ஆண்டு விழாவில் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மைக்கில் பேசும்போது, எதைச் சொல்லக் கூடாது என்பதற்கு உதாரணமாக அந்தப் பகுதியை நீங்களே மண்டபத்துக்கெல்லாம் கேட்கும்படி சொன்னீர்கள். பந்தி பரிமாறியவருக்குக்கூட அது மனப்பாடம். அதைத்தான் துண்டுக்குள் ஒளித்து அடித்தீர்கள், அதுவும் இருட்டில் எழுத்துத் தெரியாமல் தப்பாக அடித்துவிட்டு என்னிடம் டார்ச் கேட்டீர்கள். அடுத்து ஆச்சி, எல்லோரையும் மாடிப்படிக்கு விரட்டிவிட்டுத் தன் பகுதியை அடித்தார். கடைசியாக சிவா வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கையைக் கட்டிக்கொண்டார்.

“எப்பவும் நாங்கதான் கடைசியா? போன திருவிழால மொத திருநீறு எங்க வீட்டுக்குத்தான குடுத்தாங்க. பாஸ்வேர்டுலயும் எங்க பகுதி மொதல்ல வரட்டும். அப்பறம் அடிக்கிறேன்” என்றார்.

வரிசையை மாற்ற வேண்டுமென்றால் முதலில் உள்ளே போக வேண்டும் என்றாள் இலக்கியா. உள்ளே போக சிவா அடிக்க வேண்டும். சிவா அடிக்க வரிசை மாற வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னோடு வந்திருந்த நித்யா பொறுமையாகத்தான் சொன்னாள். இன்றைக்கு இருக்கிறபடி அடித்துவிடலாம், உள்ளே போனதும் மாற்றித் தருவதாக மாமா ஒரு வார்த்தை சொல்லட்டும், வருஷத்துக்கு ஒரு வீடு முதலில் வரட்டும் என்றாள். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? “இன்னிக்கு இதை விட்டுக் குடுத்தா நாளைக்குத் தேர் வடத்தையும் கேப்பாங்க. மேல வீடு மேல வீடுதான்” என்று சொல்லிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு இங்கிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நித்யா சொன்னாள்: “பூட்டை ஒடைக்க வர்றவனை எப்பிடித் தடுக்கறதுன்னு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்கப்பா. சாவியை வச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கிறவங்களை என்ன செய்யறதுன்னு பாடத்துலயே இல்லை.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது குத்தும்போது இந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன் நீங்கள். அன்றைக்கு அது அழுததற்கு ஆசாரியைத் திட்டித் தீர்த்தீர்கள். இன்றைக்கும் அது அழுகிறது, யாரைத் திட்டப் போகிறீர்கள்? எனக்கு வயிறு எரிகிறது. நானாக இருந்தால் கடைசிக்கும் கடைசியில் அடிக்கச் சொன்னாலும் அடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். பெற்ற பிள்ளை மாதிரி ஒருத்தியின் பிழைப்பைவிட, எந்த எழுத்து எந்த எழுத்துக்கு முன்னால் நிற்கிறது என்பதா பெரிது? நீங்கள் மனம் மாறுகிறவரை உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், அருணாவையும் அனுப்ப மாட்டேன்.

இருந்தாலும் அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லுங்கள். தெய்வம் மூன்று வீட்டாருக்கும் நல்ல புத்தியை ஒரே நேரத்தில் கொடுக்கட்டும். முன்னே பின்னே கொடுத்தால் அதற்கும் சண்டை போடுவீர்கள்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத
அழகு

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் இலக்கியா போன் செய்தாள். நித்யா தானாகவே போய் சிவாவைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். “பிள்ளை வேலை போயிரக் கூடாது, நான் கடைசிலயே அடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை எல்லோரும் உட்காரலாம், மாதத்தின் கடைசி நாளும் அதுதான். இதற்கிடையில் இன்னொரு சேதி. ராஜேஸ்வரி ஆச்சி பெங்களூரில் மகனோடு இருக்கப் போகிறார், அதனால் நடு வீட்டு அறங்காவலர் பொறுப்பு பங்காளியான எனக்கு வந்துவிட்டது. இன்று மதியம் கடைக்கே வந்து நடு வீட்டுப் பகுதியை என் காதில் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு உட்கார்ந்து நிதானமாக யோசித்துப் பார்த்தேன் மச்சான். கழகத்துக்கு இடம் கொடுத்தது யார்? எங்கள் நடு வீடு. அப்படியிருக்க, உங்களுக்குப் பின்னால் நான் ஏன் அடிக்க வேண்டும்? வரிசையைப் பற்றி ஒரு முடிவு தெரியாமல் நான் கீபோர்டில் கை வைப்பதாக இல்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கும்படி இலக்கியாவிடம் சொல்லிவிட்டேன். நித்யா கேட்டால் உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.