படத்திலிருந்து அய்யாவுவை வெட்டுவது பற்றி

கிள்ளானில் இருக்கும் மகள் சந்திரகலாவுக்கு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெரியப்பா தம்புசாமி வாயால் சொல்ல, பெரியம்மா இராஜம்மா கையால் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அதற்கு நீ கவலைப்பட வேண்டாம், கவலைப்படத்தான் நான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் சுகம் என்று நீ எழுதியதைப் பெரியம்மா வாசிக்கக் கேட்டு மனம் குளிர்ந்தது.

நீ கேட்டிருக்கும் படம், கோலாலம்பூரை மாநகரம் என்று அறிவித்தார்களே, அந்த வருஷம் எடுத்தது. போர்ட் சுவெட்டன்ஹாமை இனிமேல் போர்ட் கிள்ளான் என்றுதான் சொல்ல வேண்டும் என்றதும் அதே வருஷம்தான். உன் அத்தை பவுனம்மாள் அக்காவுக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கப் போனபோது நான் பழைய பெயரைச் சொல்ல, கவுண்டர்காரன் என்னைத் திருத்தினான். அத்தையின் முதல் வருஷ நினைவு நாளுக்கு அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட வேண்டும், ஆனால் பக்கத்தில் அப்பா புகை மாதிரி விழுந்திருக்கிறார், ஸ்டூடியோக்காரன் புகையைப் பிளேடால் வெட்டிவிட்டுப் பின்னால் நீல வானம் ஒட்டித் தருகிறேன் என்கிறான், வெட்டச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாய். நெகட்டிவ் இல்லை, வெட்டினால் வெட்டினதுதான் என்றும் எழுதியிருக்கிறாய். காலமாகிவிட்ட தகப்பனை வெட்டப் பெரியவரிடம் உத்தரவு கேட்டாயே, அந்த மட்டும் நல்ல பிள்ளை. உத்தரவு தருகிறேன். அவன் எப்படிப் புகையானான் என்று தெரிந்துகொண்டு வெட்டு.

அக்காவுக்குச் சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவர்களின் அட்டை. வேலை பெர்மிட் கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஊருக்குப் போகிறவள் திரும்ப மாட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். உடன்பிறந்த மூன்று பேரும் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்ததில்லை. அக்காவுக்கு அப்போதுதான் கண்ணில் புரை எடுத்திருந்தது, பளீர் வெளிச்சம் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்டூடியோ விளக்கும் ஆகாது, பல்பு அடிப்பதும் ஆகாது. படம் பிடிக்கும் வாசு, "அப்ப வீட்டுலயே ஜன்னல் வெளிச்சத்துல எடுத்துடலாம்ணே. கேமரா கண்ணைக் கொஞ்ச நேரம் தெறந்து வைக்கணும். அந்த நேரம் ஒண்ணும் ஆடக்கூடாது" என்றான். இது என்ன பெரிய விஷயம் என்று வரச் சொல்லிவிட்டேன். நாங்கள் குடியிருந்தது நாச்சியப்பன் செட்டியாரின் மாவு மில்லுக்கு மேல் மாடியில் என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை.

வாசு வந்தான், மூன்று கால் ஸ்டாண்டை விரித்துக் கேமராவை ஏற்றினான், ஒரு தட்டில் தண்ணீர் கேட்டான். ஊருக்குப் போகிறவளுக்கு ஆரத்தி எடுக்கப் போகிறான் என்று பெரியம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவக்கச் சிவக்கக் கொண்டுவந்தாள். அவன் அதை அப்படியே பலகைத் தரையில் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பாருங்கண்ணே" என்றான். பார்த்தேன். சந்திரகலா, அந்த ஆரத்தித் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே மில் ஓடியது, தண்ணீர் ஆடியது. ரயில் யார்டில் என்ஜின் பெட்டியை இடித்தது, ஆடியது. தெருவில் லோரி போனது, ஆடியது. பெரியம்மா அடுப்படிக்கு நடந்தாள், மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக ஆடியது. (இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.) தண்டவாளம் போட்டுப் பிழைத்தவன் நான், ஆடுகிற பூமி எனக்குப் புதிதில்லை என்று நினைத்திருந்தேன். இதன் மேலா இத்தனை காலம் அசையாமல் தூங்குவதாக நம்பிக்கொண்டிருந்தோம்?

ஸ்டாண்டுக்குக் கனம் வேண்டும் என்றான். அம்மிக் குழவியைச் சாக்குப்பையில் போட்டு நடுவில் தொங்கவிட்டேன், அது கோயில் மணி மாதிரி ஆட ஆரம்பித்தது. "ஆட்டத்தை நிறுத்தச் சொன்னா ஊஞ்சல் கட்டுறீங்களேண்ணே" என்று அவனே பையைத் தரை தொடும்படி இறக்கிக் கட்டினான். ஸ்டாண்டின் கால்களைப் பலகை நடுவிலிருந்து நகர்த்தி, ஆணி வரிசை பார்த்து, அடியில் உத்தரம் ஓடுகிற இடத்தில் வைத்தான். விரல் பட்டாலே கேமரா ஆடுமாம், அதனால் நீளமாக ஒரு ஒயரைச் செருகி, மாட்டைக் கயிற்றில் பிடித்த மாதிரி தள்ளி நின்று நுனியைப் பிடித்துக்கொண்டான். மில் மூச்சு வாங்கிய நேரத்தில் தண்ணீரைப் பார்த்தோம். அப்போதும் அடங்கவில்லை. எல்லாரும் அய்யாவுவைப் பார்த்தோம்.

உன் அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே காலாட்டுகிற பழக்கம். மணவறையிலேயே ஆட்டினான், ஐயர் நெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார். "டேய் அய்யாவு, நிப்பாட்டுடா, வீட்டுக்கு ஆகாது" என்று அக்கா அதட்டினாள். "நான் எங்கக்கா ஆட்டுறேன், அதுவா ஆடுது" என்று தொடையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டான். தண்ணீர் கொஞ்சம் நின்றது. "இனி மில்லுதாண்ணே" என்றான் வாசு. நான் கீழே இறங்கினேன்.

செட்டியார், "மிளகா பாதியில இருக்கு, தம்புசாமி. நிறுத்துறேன், ஆனா இந்தப் பொம்பளைங்களுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்று மில்லை அணைத்தார். வரிசையில் டின்னோடு நின்ற ஒரு அம்மா, "ஏண்ணே, உங்கக்கா படத்துக்கு எங்க மொளகாத்தூள் ஏன் நிக்கணும்?" என்றாள். "அக்கா ஊருக்குப் போவுதும்மா. போனா வராது. கொஞ்ச நேரம் லா" என்றேன். அந்த அம்மா டின்னை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். வாசலில் ஒரு சீன லோரிக்காரர் என்னவென்று தெரியாமலே என்ஜினை அணைத்தார். எனக்குத் தும்மல் புருவம் வரைக்கும் வந்துவிட்டது, மூக்கைப் பிடித்துக்கொண்டேன். மேலே ஒருத்தியின் முகம் ஆடாமல் விழ வேண்டும் என்பதற்காகக் கீழே அவளைத் தெரியாத இத்தனை பேர் மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள். சாமிக்குத் திரை விலக்கும்போதுகூட நான் அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை. "ஆச்சுண்ணே" என்று வாசு மேலிருந்து கத்தினான். தும்மினேன். வரிசையே தும்மியது. செட்டியார் மில்லை ஓட்டிவிட்டார். அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது, மேலே மூன்றாவது நாற்காலி என்னுடையது.

படம் வந்தது. என் நாற்காலி தனியாக, பிரம்புப் பின்னல் தெரிய, பளிச்சென்று விழுந்திருந்தது. அதை விடு. அக்காவின் முகம். ரப்பர் பால் வெட்டப் போவாள், தண்ணீர் தூக்குவாள், சோறாக்குவாள், ஒரு இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. பேசுகிறபோதும் முதுகைத்தான் காட்டுவாள். நெற்றி ஓரத்தில் ஒரு தழும்பு, எங்கள் அம்மாவின் உதடு, புரை எடுத்த கண்ணில் ஜன்னல் கம்பி நிழல், எல்லாம் அதில் இருந்தது. கூடப் பிறந்தவளின் முகத்தை அந்தக் காகிதத்தில்தான் முதலில் பார்த்தேன். அக்காவே வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா மாதிரி இருக்கேனேடா" என்று மெல்லச் சொன்னாள். பக்கத்தில் உன் அப்பா புகை. ஒரு தெருவே நின்றது, இவனால் ஒரு கால் நிற்க முடியவில்லை. அவன் சாகிற வரைக்கும் இதைச் சொல்லிக் காட்டினேன், சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஆட்டினான். ஆகவே சந்திரகலா, தாராளமாக வெட்டு. என் நாற்காலியும் வேண்டாம் என்றால் அதையும் வெட்டு.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பிள்ளை நோய்நொடி இல்லாமல் வளர்ந்து, உன் வீட்டு அடுப்பும் விளக்கும் அணையாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெரியப்பா தம்புசாமி, கைநாட்டு.

பி.கு.: கைநாட்டு வைக்க மையில் விரலைத் தோய்த்தபோது பெரியம்மா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "என்னாங்க, தம்பி அன்னைக்கு எங்க காலை ஆட்டுச்சு?" என்றாள். "நீங்க கீழ மில்லுல நின்னீங்க. தம்பி பொண்டாட்டி சீதாலெட்சுமி வேலைக்குப் போயிருந்தா. கைப்புள்ளைக்குப் பல்லு மொளைக்கிற ஜொரம், என் இடுப்புல வீல்னு கத்துது. கத்தினா அக்கா திரும்பிடும், படம் போயிடும். 'குடுங்கண்ணி'ன்னு தம்பி வாங்கி மடியில போட்டுக்கிச்சு. தரையில அதிர்ச்சி போவக்கூடாதுன்னு ரெண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல சம்மணம் போட்டு, ஒடம்பை மட்டும் ஆட்டி ஆட்டிப் புள்ளையைத் தூங்க வச்சுது. வாசுவும், 'நீங்க ஆடுங்கண்ணே, அக்காவும் கேமராவும் நின்னா போதும்'னான்." இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தெரிஞ்சுதான் கேலி பண்றீங்கன்னு நெனச்சேன். அதுவும் சிரிச்சுக்கிட்டுதானே இருந்துச்சு" என்கிறாள்.

வெட்டாதே. மேலே எழுதியதெல்லாம் தப்பு. ஸ்டூடியோக்காரனிடமிருந்து முதலில் படத்தைத் திரும்ப வாங்கு. முழுப் படத்தையும் பெரிதாக்கச் சொல், நீல வானம் வேண்டாம். அப்பாவின் சட்டைக்குக் கீழே, மடி இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு கலக்கம் தெரியும், பார். அந்தப் படத்தில் இருந்தவர்களில் அக்கா போய்விட்டாள், அய்யாவு போய்விட்டான். இன்றைக்கு உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான், சந்திரகலா.