உதாரணத்துக்கு ஒன்றை அழிக்கவும்

'உங்களுக்கு நன்றாக விளக்கி எழுத வருகிறது' என்று யாராவது பாராட்டினால் இன்றைக்கும் நான் அவசரமாகப் பேச்சை மாற்றிவிடுவேன். நான் விளக்கி எழுதிய முதல் விஷயத்தை எட்டுத் தோட்டத்துக்காரர்கள் ஒரே காலையில் புரிந்துகொண்டார்கள். அவ்வளவு தெளிவு!

இரண்டாயிரங்களின் நடுவில், ஒன்பது தேயிலைத் தோட்டங்களுக்குப் பொதுவான ஒரு பதுளை அலுவலகத்தில், கணினிப் பிரிவில் சேர்ந்திருந்தேன். (பிரிவு என்றால் நானும் ஒரு மின்விசிறியும்.) ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து கணினி வேலைக்குப் போன மகள் என்று அப்பா பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்த வாரத்தோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்குத் திரும்புவதா என்பது மேனேஜர் பாரூக் சேரின் கையெழுத்தில் இருந்தது.

தோட்டத்து அலுவலகக் கணினிகளில் 'டேஷ்போர்டு' என்று சில பக்கங்கள் இருந்தன. கொழுந்து எவ்வளவு, வேலைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கலர் கலராகக் காட்டும். மென்பொருள் செய்த கொழும்புக்காரர்கள் சோதனைக்குப் போட்ட குப்பைப் பக்கங்களும் அங்கேயே கிடந்தன. அவற்றை அழிக்க ஒரு கருவி அனுப்பினார்கள். அதில் அழித்தால் அழித்ததுதான், மீட்க வழியே கிடையாது.

"கிளாக்கர்மாருக்கு விளங்குற மாதிரி தமிழ்ல ஒரு கையேடு எழுதுங்க," என்றார் சேர்.

எழுதினேன் பாருங்கள்! குப்பைப் பக்கங்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள். எதற்கு வீண் குழப்பம் என்று, எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயரை உதாரணமாகப் போட்டேன். 'பெயர்க் கட்டத்தில் தினசரிக் கொழுந்து என்று தட்டவும். பிறகு அழி என்பதை அழுத்தவும்.' மீட்க முடியாது என்ற எச்சரிக்கையைக் கடைசிப் பக்கத்தில் வைத்தேன். (முடிவு உருக்கமாக இருக்கட்டுமே என்று.) சுற்றறிக்கையாக ஒன்பது தோட்டங்களுக்கும் அது போனது.

தினசரிக் கொழுந்துதான் தோட்டத்தை நடத்தும் துரைமார் காலையில் முதலில் பார்க்கும் பக்கம். அதைப் பார்வையிடத்தான் கொழும்பிலிருந்து கம்பனிப் பணிப்பாளர்கள் வரவிருந்தார்கள். அதற்கு முதல் நாள் காலை ஒரு தோட்டத்துக் கிளாக்கர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மிஸ், செஞ்சிட்டோங்க! நீங்க எழுதின மாதிரியே அழிஞ்சிருச்சுங்க!"

"எதுங்க அழிஞ்சிருச்சு?"

"தினசரிக் கொழுந்துங்க. அடுத்தது எதை அழிக்கணும்?"

"ஐயய்யோ, அது சும்மா உதாரணத்துக்குங்க!"

"ஆபீஸ் காகிதத்துல போட்டிருந்துச்சேங்க. செய்யாம இருக்க முடியுமா?"

லயத்தில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? காலைப் பெரட்டில் ஆளைப் பிரித்து மலைக்கு அனுப்பும்போது கங்காணி உதாரணமா சொல்வார்? மேலேயிருந்து வந்தால் உத்தரவு. பதுளையில் நாலு நாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதை மறந்துவிட்டேன், மண்டு.

தேநீர் நேரத்துக்குள் எட்டுத் தோட்டங்களும் பெருமையோடு அறிவித்துவிட்டன. கொழும்புக்குப் பேசினேன். "கணக்கெல்லாம் பத்திரமா இருக்கு, பக்கத்தைத்தான் புதுசா செய்யணும். ஒரு மாசம் ஆகும்," என்றார்கள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை ஓடத் தொடங்கியது.

மிச்சமிருந்தது கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுதான். அங்கே தலைமைக் கிளாக்கர் தம்பிராசா ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய எண்ணைச் சுழற்றினேன்.

"ஐயா, சுற்றறிக்கை பார்த்தீங்களா?"

"வந்தது பிள்ளை. உறையை இன்னும் உடைக்கேல்லை."

"உடைக்கவே இல்லையா?"

"சுற்றறிக்கை எண்டா ஒரு கிழமை, ஏழு நாள், ஊறப் போடவேணும். அதுக்கிடையில திருத்தச் சுற்றறிக்கை ஒண்டு வரும். நான் எப்பவும் இப்பிடித்தான். ஏனம்மா அழுறீர்?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். அன்று மத்தியானமே, கொட்டும் மழையில், ஐயா பக்கத்தைப் பிரதி எடுத்த ஃபிளாப்பியை ஷொப்பிங் பையில் சுற்றிக் கமுக்கட்டில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி, அலுவலக ஜீப்பில் ஏறி, விடிய விடியத் தோட்டம் தோட்டமாக இருவரும் பக்கத்தை ஏற்றினோம். மறுநாள் பணிப்பாளர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பாரூக் சேர் என்னைக் கூப்பிட்டார். போச்சு என்று நினைத்தேன்.

"எட்டு கிளாக்கர்மார். ஒருத்தர்கூட பிழை விடல்ல. இப்படி ஒரு கையேட்டை நான் பார்த்ததே இல்ல," என்று சிரித்துக்கொண்டே நிரந்தர நியமனத்தில் கையெழுத்திட்டார். "இனிமே உதாரணத்துக்கு உங்கட பேரைப் போடுங்க."

அப்படித்தான் போட்டேன். அதன்பிறகு நான் எழுதிய கையேடுகளிலெல்லாம் அழிக்கப்படுவது நான்தான்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். தம்பிராசா ஐயா வராமலா? ஆனால் அவசரத்தில் அவருடைய அழைப்பிதழை அலுவலக உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். கல்யாணத்தன்று முகூர்த்தம் முடியும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் வரவில்லை.

அடுத்த ஞாயிறு பட்டு வேட்டியும் குத்துவிளக்குமாக வந்து நின்றார். "ஆபீஸ் உறையெல்லோ பிள்ளை... ஊறப் போட்டிட்டன்."

நாங்கள் கூறைப் புடவையும் பட்டு வேட்டியும் மறுபடி கட்டினோம். அம்மா பாயசம் வைத்தார். அவருக்காகவே வாழையிலை போட்டு, காலில் விழுந்து எழுந்தோம். என் வேலை, அதனால் நிமிர்ந்த குடும்பம், எல்லாம் அந்த மனிதர் உடைக்காமல் வைத்த ஓர் உறையால் வந்தது. அந்த நன்றி எனக்குத் தீரவே தீராது.

ஆல்பத்தின் கடைசிப் படத்தில் நடுவில் அவர் நிற்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கணவர் பெருமூச்சு விடுவார்: "நானும் ஒரு கிழமை ஊறப் போட்டிருக்கணும். திருத்தம் ஏதும் வந்திருக்கும்."