சகலனுக்கு ஒரு தளம் மேலே

“மலர் ஆக்கள் சூட்டாம்,” என்று சொல்லிவிட்டு ஜெகதீஸ்வரி கைப்பேசியை மேசையில் வைத்தாள்.

கனகலிங்கம் அப்போதுதான் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் முகுந்தின் பயண முகவர் கடைக்குப் போய், நோர்வே போகும் கப்பலுக்கு முற்பணம் கட்டிவிட்டு வந்திருந்தார். ஒரு சப்பாத்தைக் கழற்றியாகிவிட்டது. மற்றது காலிலேயே நின்றது.

“என்ன சூட்?”

“கப்பலிலைதான். பெரிய அறையாம். தனியா ஒரு இருப்பறை, குளிக்கத் தொட்டி, பெட்டியைத் திறந்து உடுப்பெல்லாம் அடுக்கித் தர ஒரு ஆள். நாங்கள் என்ன எடுத்தனாங்கள்?”

“பல்கனி.”

“சாதாரணப் பல்கனியோ?”

சாதாரணம் என்ற சொல் அவருக்கு எங்கேயோ போய்க் குத்தியது. அரை மணி நேரத்துக்கு முன் முகுந்தின் கடையில் அதே அறையின் படத்தைப் பார்த்தபோது அவருக்கு அது அரண்மனையாகத்தான் தெரிந்தது. ஒரு கட்டில், ஒரு கண்ணாடிக் கதவு, கதவுக்கு வெளியே கடலைப் பார்த்தபடி இரண்டு கதிரைகள். கதிரைகளைக் கண்டதும் விலைகூடச் சரியாகக் கேட்காமல் ஓம் என்றுவிட்டார்.

காரணம் இருந்தது. அவர் ஸ்ட்ரெதமில் ஒரு பெற்றோல் நிலையத்தில் முப்பது வருடமாக இரவு ஷிப்ட். அவள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பகல் ஷிப்ட். அவர் வீட்டுக்குள் வரும் நேரம் அவள் வெளியே போகும் நேரம். தாம்பத்தியத்தின் பெரும்பகுதி வாசலில் கதவுத் திறப்பைக் கைமாற்றியதில் கழிந்துவிட்டது. இப்போது இருவருக்கும் ஓய்வு. ஒரு கிழமையாவது ஒரே அறையில் அவளோடு இருக்கவேண்டும், அந்தக் கதிரைகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கவேண்டும். இவ்வளவுதான் மனிதருடைய ஆசை. இதை மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆம்பிளைகள் அப்படியெல்லாம் சொல்லிப் பழகியவர்களா? “முகுந்த் மலிவாத் தாறான், போட்டு வருவம்,” என்றுதான் சொன்னார்.

அதற்குள் ஜெகதீஸ்வரி தங்கச்சியிடம் சொல்ல, தங்கச்சி சிவமலரும் புருசன் கிருஷ்ணராசாவும் அதே கப்பலுக்குப் பதிந்துவிட்டார்கள்.

கிருஷ்ணராசா பாரிஸிலிருந்து வந்து வட லண்டன் எட்மண்டனில் கடை போட்டவர். கனகலிங்கத்துக்குச் சகலன். சகலன்மார் ஒருவருக்கொருவர் தொலைபேசி எடுப்பது எங்களிடம் வழக்கமில்லை. கலியாண வீட்டில் கைகுலுக்குவார்கள், “எப்பிடி, சுகமோ?” என்பார்கள், பிறகு கார் நிறுத்துமிடத்தில் மற்றவருடைய காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். மிச்ச விசயம் எல்லாம் பெண்டுகள் மூலமாகத்தான். கனகலிங்கம் வீட்டுக்குப் பின்னால் கண்ணாடி அறை கட்டிய செய்தி அப்படித்தான் எட்மண்டனுக்குப் போனது. கிருஷ்ணராசா கூரைக்குள் இரண்டு அறை இறக்கிய செய்தி அப்படித்தான் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்தது. இரண்டு வீட்டுக்கும் அவை தேவைப்படவில்லை.

கனகலிங்கம் சப்பாத்தோடேயே குசினிக்குள் இரண்டு தரம் நடந்தார்.

“இஞ்சாரும் ஈஸ்வரி. மேல் தளத்திலை இருக்கிற அறையள் சரியா ஆடும். வயித்தைக் குமட்டும். அதுதான் நாங்கள் கீழை எடுத்தனாங்கள் எண்டு மலருக்குச் சொல்லும்.”

ஜெகதீஸ்வரி கைப்பேசியோடு மாடிக்குப் போனாள். ஒரு மணித்தியாலம் கழித்து இறங்கி வந்தாள்.

“சொல்லிப்போட்டன். அத்தானுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதோ எண்டு மலர் சரியாக் கவலைப்பட்டவள்.”

“எனக்கு எண்டு ஆர் சொன்னது?”

“குமட்டும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

வெள்ளிக்கிழமை கோயிலில் மூன்று பேர் அவருக்கு இஞ்சி தின்னச் சொன்னார்கள். ஒரு அம்மா கையில் கட்டும் பட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். கனகலிங்கம் ஊரில் சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து வந்தவர். வள்ளத்துக்குள் ஏறிய தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டே கரை சேர்ந்தவர். அதை இந்த அம்மாவுக்குச் சொல்லலாமா என்று யோசித்தார். அவள் பட்டியை மாட்டியே விட்டாள்.

இனிச் சும்மா இருக்கக்கூடாது என்று மறுநாள் முகுந்தின் கடைக்குப் போனார்.

“அண்ணை, கேள்விப்பட்டன்,” என்றான் முகுந்த் முகத்தைத் துக்க வீட்டுக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டு. “உங்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதாமே.”

“அதை விடும். சூட்டுக்கும் சாதாரணத்துக்கும் இடையிலை ஏதும் இருக்கோ?”

“இருக்கு. கப்பலின்ரை சரி நடுவிலை. ஆட்டமே தெரியாது. உங்கடை வருத்தத்துக்கு அதுதான் நல்லது.”

“பேர் என்ன?”

“பிரீமியம் பல்கனி.”

பேர் நன்றாக இருந்தது. கனகலிங்கம் எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அந்தப் பேரை இரண்டு தரம் சத்தமாகச் சொன்னார். மகள் கோசிகா தன் கணினியில் கப்பலின் வரைபடத்தை எடுத்து, அறையைத் தேடிப் பார்த்தாள்.

“அப்பா, உங்கடை பல்கனிக்கு முன்னாலை ஒரு படகு தொங்குது.”

“என்ன படகு?”

“கப்பல் தண்ணிக்குள்ளை தாண்டால் ஏறித் தப்புற படகு. பெரிசு. ஓரேஞ்ச் கலர். கடல் தெரியாது, படகுதான் தெரியும்.”

ஜெகதீஸ்வரி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு நின்றாள். “மலரும் கேட்டவள், பிரீமியத்துக்கு ஆள் வருமோ எண்டு.”

“என்ன ஆள்?”

“உடுப்பு அடுக்க.”

“எங்கடை உடுப்பை எங்களுக்கு அடுக்கத் தெரியாதோ?”

“தெரியும். நான்தானே இவ்வளவு காலமும் அடுக்கிறன்.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்கு அது சுட்டது. பாவம், ஆஸ்பத்திரியிலும் வேலை, வீட்டிலும் வேலை, கடைசியில் நடுக்கடலுக்கும் கூட்டிக்கொண்டுபோய் ஓரேஞ்ச் படகைக் காட்டப் போகிறேனே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“பிள்ளை, உதிலை சூட்டுக்கு மாறேலுமோ எண்டு பார்.”

“ஏலும் அப்பா. ஆனால் ஏலம். எவ்வளவு கூடத் தருவம் எண்டு நாங்கள் கேட்கோணும். பிடிச்சால் தருவினம்.”

திரையில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு முள்ளும் இருந்தன. கனகலிங்கம் கொடுக்கக்கூடிய ஆகக் குறைந்த தொகையைக் கேட்டார். முள் சிவப்பில் விழுந்தது. உங்கள் கேள்வி பலவீனமானது என்று கீழே எழுத்து வந்தது. கனகலிங்கத்தைப் பற்றி வாழ்க்கையில் பலர் இதே அபிப்பிராயம் வைத்திருந்தார்கள், ஆனால் ஒருவரும் முள் வைத்துக் காட்டியதில்லை.

கொஞ்சம் கூட்டினார். மஞ்சள்.

“மஞ்சள் போதும்,” என்றார். “எங்களோடை ஆர் போட்டிக்கு நிக்கப் போகினம்?”

“மலர் ஆக்கள் பச்சையாம்,” என்றாள் ஜெகதீஸ்வரி, தேத்தண்ணியை அவர் பக்கத்தில் வைத்தபடி.

“அவையள்தானே முதலே சூட் எடுத்தவை. பேந்தென்ன ஏலம்?”

“அதிலும் பெரிய சூட் இருக்காம். அதுக்கு.”

கனகலிங்கம் கோசிகாவின் கையை விலக்கிவிட்டுத் தானே முள்ளைப் பிடித்துப் பச்சையின் கடைசி விளிம்புவரை இழுத்தார். மூன்றாம் நாள் பதில் வந்தது. சூட் அவருக்குத்தான். அந்த வருடம் மாற்றவிருந்த, வீட்டைச் சூடாக்கும் பொயிலரை இன்னொரு குளிர்காலத்துக்கு இழுக்க வேண்டியதாகிவிட்டது.

ஜெகதீஸ்வரி சிரித்தாள். அவள் அப்படி வாய் நிறையச் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ காலம். பொயிலர் போனால் போகட்டும் என்று இருந்தது. அன்று முழுக்க அவர் சந்தோசப் புளுகத்தில் திரிந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்: “முகுந்திட்டை ஒருக்காக் கேளுங்கோ, சூட்டிலை கட்டிலை ரெண்டாப் பிரிச்சுத் தருவினமோ எண்டு.”

அவர் வாய்க்குக் கொண்டுபோன இடியப்பத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

“ஏன் பிரிக்க?”

“சும்மாதான். ஆறுதலாப் படுக்கலாம்.”

குறட்டை. வேறென்ன காரணம் இருக்க முடியும்? கனகலிங்கம் பகலில் நித்திரை கொண்ட காலம் முழுக்கக் குறட்டையை வெறும் வீடுதான் கேட்டது. ஓய்வு எடுத்த பிறகுதான் அவள் கேட்கத் தொடங்கினாள். அடுத்த நாளே வெட்கத்தை விட்டு மருந்துக் கடையில் போய் நின்றார். அங்கிருந்த பெட்டை நாலு பேர் கேட்க, “உங்களுக்கோ, மனைவிக்கோ?” என்றாள். மூக்குக்கு மேலே ஒட்டுகிற பிளாஸ்டர் ஒரு பெட்டி வாங்கிவந்தார். ஒவ்வொரு இரவும் ஒட்டிக்கொண்டு நேராகப் படுத்தார். காலையில் உரிக்கும்போது தோலும் கூட வந்தது. மூக்குத் தண்டு சிவந்து தடித்துவிட்டது. கோயில் அம்மா அதற்கும் ஒரு களிம்பு தந்தாள்.

பயணத்துக்கு முதல் நாள் மெல்லக் கேட்டார். “இப்ப சத்தம் இல்லைத்தானே?”

“இல்லை. நல்லாக் குறைஞ்சிட்டுது.”

“அப்ப கட்டில் பிரிக்கத் தேவையில்லை.”

“அது பிரிச்சபடி இருக்கட்டும்,” என்றாள் ஜெகதீஸ்வரி.

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் மனிதன் நம்பிக்கையைக் கைவிடவில்லை. ஒரு இரவு தன் சத்தமில்லாத மூக்கை அவள் கேட்டால், கட்டிலைத் திரும்பத் தள்ளிச் சேர்க்க எவ்வளவு நேரம் என்று நினைத்துக்கொண்டார்.

கோசிகா காரில் கொண்டுபோய் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இறக்கிவிட்டாள். சூட்காரருக்குத் தனி வரிசை. கீழே கம்பளம் விரித்திருந்தது, வரிசையில் ஆட்களே இல்லை. கனகலிங்கம் கம்பளத்தில் கால் வைத்ததும் கழுத்து தானாக நிமிர்ந்தது.

“பாஸ்போட் எல்லாத்தையும் என்னட்டைத் தாங்கோ,” என்றாள் ஜெகதீஸ்வரி. “நான் பதிஞ்சு கொண்டு வாறன். நீங்கள் அங்கை ராசா நிக்கிறார், போய் ரெண்டு கதை கதையுங்கோ.”

திரும்பிப் பார்த்தார். சாதாரண ஆட்களின் வரிசை மண்டபத்தைச் சுற்றி வளைந்து கிடந்தது. அதன் நடுவில், இரண்டு பெட்டிகளோடு, வேர்த்துக்கொண்டு, கிருஷ்ணராசா தனியே நின்றார். சிவமலரைக் காணவில்லை.

கனகலிங்கம் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். சகலன்தான். மெதுவாக, மிக மெதுவாகக் கிட்டப் போனார்.

“என்ன தம்பி, இதிலை நிக்கிறீர்? சூட் வரிசை அங்காலை எல்லோ.”

“நாங்கள் பல்கனி அண்ணை. சாதாரணப் பல்கனி. மலர் அது போதும் எண்டவள்.”

“ஏலத்திலை கிடைக்கேல்லையோ?”

“என்ன ஏலம்?”

பாவம், மறைக்கிறார் என்று கனகலிங்கத்துக்கு விளங்கியது. தோற்றவன் வேறென்ன சொல்வான்? அவருக்கு உள்ளுக்குள் இளநீர் குடித்த மாதிரி இருந்தது. சகலனின் தோளில் கை வைத்தார். கலியாணம் முடித்த நாள்முதல் அவர் கிருஷ்ணராசாவோடு இவ்வளவு அன்பாக நடந்ததில்லை.

“பறவாயில்லை தம்பி. பல்கனியும் நல்லதுதான். நாளைக்கு எங்கடை அறைக்குத் தேத்தண்ணி குடிக்க வாரும்.”

ஜெகதீஸ்வரி வந்து அட்டை ஒன்றை அவர் கையில் வைத்தாள். “நான் மலரைக் கூட்டிக்கொண்டு முன்னுக்குப் போறன். நீங்கள் ராசாவுக்குப் பெட்டியைப் பிடிச்சுக் குடுத்திட்டு ஆறுதலா வாங்கோ.”

தங்கச்சிக்குச் சூட்டைக் காட்டப் போகிறாள். போகட்டும். அவராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

கிருஷ்ணராசாவோடு வரிசையில் நின்று, அவருடைய பெட்டியைக் கப்பலுக்குள் பல்கனி அறை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, கனகலிங்கம் மின்தூக்கியில் தனியே மேலே ஏறினார். சகலனை வென்றாகிவிட்டது. இனி எதற்கு வீம்பு? மனதில் கிடந்ததை இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். ‘ஈஸ்வரி, இவ்வளவு காலமும் உம்மோடை ஆறுதலா இருந்து கதைக்க எனக்கு...’ அந்த இடத்தில் வாய் இழுத்தது. மின்தூக்கிக் கண்ணாடியைப் பார்த்து இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். இந்த முறை முழுவதும் வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

சூட்டின் கதவில் அட்டையை வைத்தார். சிவப்பு வெளிச்சம். துடைத்துவிட்டு வைத்தார். மீண்டும் சிவப்பு. உள்ளே ஜெகதீஸ்வரியும் சிவமலரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. உடுப்பு அடுக்கும் ஆள், வெள்ளைக் கையுறையோடு கதவை அரைவாசி திறந்து, அட்டையை வாங்கிப் பார்த்து, இது இந்த அறைக்கு உரியதல்ல ஐயா, கீழே பல்கனி அறைக்கு உரியது என்று அறை இலக்கத்தோடு ஆங்கிலத்தில் மிகவும் பணிவாகச் சொன்னான். பிறகு கதவை மிகவும் பணிவாகச் சாத்தினான்.

சற்றுமுன் சகலனின் பெட்டியைச் சேர்த்த அறையின் இலக்கம் அது. கனகலிங்கத்துக்குக் கோபம் உச்சியில் ஏறியது. கப்பல் இன்னும் கரையில்தான் நின்றது. கைப்பேசியை எடுத்தார்.

“முகுந்த், என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்? பொயிலரையும் விட்டு, மூக்குத் தோலையும் உரிச்சு எடுத்த சூட். என்ரை பேரைக் கொண்டுபோய்க் கிருஷ்ணராசாவின்ரை அறையிலை போட்டிருக்கிறீர்.”

மறுமுனையில் முகுந்த் ஆறுதலாகத்தான் பேசினான்.

“பிழை ஒண்டும் இல்லை அண்ணை, சூட் அக்காவுக்கும் தங்கச்சிக்கும், பல்கனி உங்களுக்கும் கிருஷ்ணராசா அண்ணைக்கும் எண்டு அவை ரெண்டு பேரும் போன வருசமே என்னட்டை வந்து சொல்லி வைச்சிட்டினம், உங்கள் ரெண்டு பேரிலையும் ஆர் முதல்லை சூட்டுக்கு வருவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்.”