ஆணியில் தொங்கும் செம்பல்லி

காலையிலிருந்து ஆபேல் சாரின் தூண்டில் தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில்தான் கிடந்தது. அங்கிருந்த மீன்கள் அதைப் பற்றி இன்னும் எந்த முடிவும் எடுக்கவில்லை.

"அத்தான், மீனுக்கெல்லாம் இன்னைக்கு லீவா?" என்றான் மச்சினன் ஆன்ட்ரூஸ், கரையில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்தபடி.

"லேய், இது லைட் டாக்கிள். விரல் கனத்துக் கோலு, முடி கனத்துத் தங்கூஸ் நூலு. மீனுக்க மரியாதைக்கு உள்ள காரியமாக்கும்."

"மரியாதை கூடிப்போச்சு. அதான் கிட்ட வரக் கூச்சப்படுது."

நெய்யூர் ஆபேல் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து போன வருடம் ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பின் முதல் மாதம் முழுக்க அடுக்களையில் நாற்காலி போட்டு, மனைவி ஜெபகனி டீச்சர் தேங்காய் துருவுவதை மேற்பார்வையிட்டார். அப்போதுதான் மருமகன் ஜினோ மஸ்கட்டிலிருந்து இந்தத் தூண்டிலைக் கொண்டுவந்தான். இதே பொழிமுகத்தில், வீசிய முதல் நாளே, முழங்கை நீளச் செம்பல்லி மீன் ஒன்று மாட்டியது. படம் எடுத்ததும் அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். அன்றோடு அடுக்களை தப்பியது. குடும்ப வாட்ஸ்அப் குழு அகப்பட்டுக்கொண்டது. 'பிடி, தடவு, விடு' என்று தினமும் விடிந்ததும் ஓர் உபதேசம்.

படம் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வீட்டு ஹாலில் ஏறியது. அதற்காக அந்த ஆணியிலிருந்து இறங்கியது ஜெபகனியின் அப்பா, காலஞ்சென்ற உபதேசியாரின் படம். ஆன்ட்ரூஸ் அவருடைய மகன். அவனால் அதைத் தாங்க முடியவில்லை.

"இன்னைக்கு நாங்க எல்லாரும் பாக்க ஒரு மீன் பிடிக்கணும். இல்லேன்னா அப்பாக்க படம் திரும்ப ஹாலுக்கு வரணும்" என்று, குடும்பத்தையே கரைக்குக் கூட்டிவந்து, காலையிலேயே பந்தயம் கட்டியிருந்தான்.

ஆபேல் இன்னும் தூரமாய் வீசிப் பார்த்தார். கோலைப் பின்னால் சுழற்றியபோது கொக்கி, கூட வந்திருந்த பழைய அலுவலக நண்பர் பகவதியப்பனின் வேட்டியில் மாட்டியது.

"பிடிச்சாச்சு. இனி தடவிட்டு விட்டிரும் ஓய்!" என்று கத்தினார் பகவதியப்பன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆபேல் சிரிக்கவில்லை. இரை வாங்கிவருவதாகச் சொல்லி ஆட்டோ ஏறினார்.

மீன் சந்தையில் ஒரே ஒரு செம்பல்லி இருந்தது. பேரம் பேசாமல் எடுத்தார். அதுவரை சரி. ஆனால் காலமெல்லாம் மீன் வாங்கிய வாய் சும்மா இருக்குமா? "நல்லா வெட்டிக் கழுவித் தா மக்களே" என்று அது தானாகவே சொல்லிவிட்டது. அவர் பதறித் தடுத்தபோது செதில் பிழைத்திருந்தது, வயிறு காலி.

"கறிக்கா சாரே, பொரிக்கவா?" என்று கேட்டாள் மீன்காரி.

பிடிக்க என்று எப்படிச் சொல்வது?

திரும்பி வந்து, வள்ளக்காரன் சிலுவைதாசனைத் தாழங்காட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பையைத் திறந்து காட்டினார்.

"தாசா, ஒரு உதவி."

"அதுக்கென்ன சாரே. வள்ளத்துக்கு அந்தப் பக்கமா இறங்கி நின்னு கொக்கியில கொளுத்தி விடுதேன். நீங்க வள்ளத்தப் பாத்து வீசினா மட்டும் மதி."

அவன் கொஞ்சமும் ஆச்சரியப்படாதது ஆபேலுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதிகாரியாக இருந்தவர் மேல் உள்ள மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

வீசினார். கோல் வளைந்தது. ஆபேல் முன்னும் பின்னுமாகத் தள்ளாடிப் போராடி, செம்பல்லியை இழுத்து, வயிற்றை உள்ளங்கையால் மூடித் தூக்கிக் காட்டினார். ஆன்ட்ரூஸின் வாயில் பனங்கிழங்கு நின்றுவிட்டது.

"மாமா, வீடியோ ஓடுது. தடவி விடுங்க!" என்றான் விடுமுறைக்கு வந்திருந்த ஜினோ.

ஆபேலுக்கு அப்போதுதான் தன்னுடைய உபதேசம் ஞாபகம் வந்தது.

"இத... கறி வச்சா என்ன?"

"நீங்களா மாமா இப்படிச் சொல்லுதிய? குரூப்ல வீடியோ கால் போட்டாச்சு."

தடவினார். விட்டார். மீன் மல்லாந்து மிதந்தது.

"மயக்கம்" என்றார் ஆபேல். முட்டளவுத் தண்ணீரில் இறங்கி, வாலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார்.

"சோடா தெளிச்சுப் பாரும் ஓய்!" என்றார் பகவதியப்பன்.

நர்சாக இருக்கும் மகள் சுபிதா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். மீனை வாங்கிப் புரட்டினாள். "அப்பா, இதுக்குக் குடலே இல்ல."

"ஆப்பரேசன் சக்சஸ்!" என்றார் பகவதியப்பன்.

ஆன்ட்ரூஸ் எழுந்து மண்ணைத் தட்டினான். "இன்னைக்கே அப்பா ஹாலுக்கு வாறாரு."

அதுவரை சோற்றுப் பாத்திரத்தோடு கரையில் உட்கார்ந்திருந்த ஜெபகனி, "அந்த மீன் படம் அங்கதாம்ல கெடக்கும்" என்றாள். "இன்னைக்குள்ள காரியம் வேற. போன வருசத்து மீன் அவங்களுக்கு உள்ளது."

மனைவியின் வார்த்தையில் ஆபேலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"கேட்டியாலே? இது சந்தை மீன்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா படத்துல உள்ளது நான் பிடிச்சது. சாட்சி இருக்கு! லே தாசா, இஞ்ச வா!"

"சாட்சியெல்லாம் எதுக்கு? சோறு ஆறுது" என்றாள் ஜெபகனி அவசரமாக.

"ஆறட்டும். தாசா, போன வருசம் நீயும் இஞ்சதானே வள்ளத்தில நின்ன? அந்தச் செம்பல்லி எப்படி எனக்க தூண்டில்ல வந்துதுன்னு இவனுக்குச் சொல்லு!"

சிலுவைதாசன் ஈரத் தலையைச் சொறிந்தான். ஆபேலைப் பார்த்தான். பிறகு ஜெபகனியைப் பார்த்தான்.

"டீச்சரே, அன்னைக்கு நீங்க உயிரோட வாங்கித் தந்த மீனுக்க காரியத்த சாருகிட்ட மட்டும் சொல்லப்பிடாதுன்னு சொன்னியளே... இப்பம் சாரே கேக்காரு, சொல்லட்டா?"